மலையேறும் பண்டிகை

கேள்வி: சீனர்களின் பண்டிகை ஒன்றை எங்கள் கொல்லிமலையில் குடும்பத்தோடு கொண்டாடலாமா? (வாசகி, செம்மேடு)

பதில்: தாராளமாக! உங்கள் ஊருக்கென்றே செய்தது போல ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் சந்திர மாதத்தின் ஒன்பதாம் நாளில் வரும் சோங்யாங். அன்று சீனக் குடும்பங்கள் மலையேறும். அரிசிமாவுக் கேக் தின்னும். சாமந்தி ஊறிய மது அருந்தும். 1989 முதல் அது அங்கே முதியோர் தினமும்கூட. நமக்கு அப்படி மலையேறும் நாள் ஆடிப்பெருக்கு: 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, வல்வில் ஓரி விழாவையும் பார்க்கிற கூட்டம் எத்தனை!

சோங்யாங் அன்று பாட்டியை மட்டும் ஆகாய கங்கை அருவிப் படிகளில் இறக்கிவிடாதீர்கள்; ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சீக்குப்பாறை காட்சிமுனையில் உட்காரவைத்து, சூடாகத் தினைப் பணியாரம் கொடுங்கள். மதுவுக்குப் பதில், உங்கள் மலை மிளகைத் தட்டிப்போட்ட சுக்குக் காப்பி. சோங்யாங் பெரும்பாலும் அக்டோபரில் வரும், குடையை மறக்காதீர்கள்.