லாம்பெத் பாலத்தில் நவக்கிரகம்

லண்டன், ஈஸ்ட் ஹாம்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மழையும் சுகம்.

சிமெண்ட் கம்பெனி அத்தானை ஓசியில் ஐரோப்பா டூர் அனுப்புகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் நேற்று ராத்திரி டிவியில் ஒரு பழைய படம் பார்த்ததிலிருந்து கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. 'யூரோப்பியன் வெகேஷன்', 1985-ல் வந்தது. அமெரிக்கக் குடும்பம் ஒன்று லண்டன், பாரிஸ், ஜெர்மனி, ரோம் என்று சுற்றுகிற கதை. லண்டனில் அப்பா காரை ஓட்டிக்கொண்டு லாம்பெத் பாலத்து ரவுண்டானாவுக்குள் நுழைகிறார். வெளியே வரத் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளைகளுக்கு பிக் பென்னையும் பார்லிமெண்டையும் காட்டுகிறார். இருட்டியும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறார்.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

போன தடவை நீங்கள் வந்தபோது அதே ரவுண்டானாவில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. நீ பின் சீட்டில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழை இலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது சுற்றில் அத்தான், "மாப்ளே, இது எந்தக் கோயில் பிரகாரம்?" என்றார். "ஒம்பது ஆச்சுடா, நவக்கிரகத்துக்குக் கணக்கு சரியாப் போச்சு, வீட்டுக்குப் போ" என்றாய் நீ. படத்தில் வருகிறவர் அமெரிக்கர், வலது பக்கம் ஓட்டிப் பழகியவர், மன்னிக்கலாம். நான் திருநெல்வேலி ஜங்ஷனில் இடது பக்கம் ஓட்டிப் பழகியவன். இங்கே ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவனுக்கு முதல் உரிமை. நம் ஊரில் பெரிய ஹாரன் வைத்திருக்கிறவனுக்கு. உள் வளையத்தில் மாட்டிக்கொண்டு, யாராவது ஹாரன் அடித்துத் திட்டினால் அந்தச் சாக்கில் இடது பக்கம் நுழைந்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஒரு பாவியும் அடிக்கவில்லை.

இந்த ஊர் மரியாதையை மட்டும் படத்தில் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். நடிகர் எரிக் ஐடில் சைக்கிளில் வருவார். கார் இடித்துத் தள்ளும், ரத்தம் ஒழுக ஒழுக 'பரவாயில்லை' என்பார். போன வாரம் ரயிலில் ஒருவர் காலை மிதித்துவிட்டேன். அவர்தான் என்னிடம் 'சாரி' கேட்டார்.

மற்றபடி படம் சுமார்தான். 1983-ல் வந்த முதல் படத்துக்குப் பக்கத்தில் நிற்காது. அதில் இதே அப்பா சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை பிள்ளைகளை ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் காரிலேயே கூட்டிப்போவார். வழியில் கிழவி ஒருத்தி இறந்துபோக, அவளைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். போய்ச் சேர்ந்தால் பூங்கா மராமத்துக்காக மூடிக் கிடக்கும். சிரித்து முடித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஆள் அவ்வளவு ஆசைப்பட்டு வந்திருந்தார். இரண்டாவது படத்தில் பயணமே டிவி போட்டியில் விழுந்த பரிசு. ஓசி. ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை கார் இடித்து வரிசையாகச் சாய்க்கும்போதும் அவருக்கு நஷ்டமில்லை, நமக்கும் பதைப்பில்லை. நம் சீரியலில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போடுவார்களே, பிள்ளைகளாக நடித்த இருவரையும் அப்படியே மாற்றிவிட்டார்கள்.

அத்தான் நம்மைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனாரே, அதுதான் முதல் படம். சூரியோதயம் பார்க்கக் கிளம்பி, வள்ளியூரில் வேன் படுத்துவிட, போய்ச் சேர்ந்தபோது அஸ்தமனமும் முடிந்திருந்தது. அவர் கடலுக்கு டார்ச் அடித்துக் காட்டினார். கம்பெனி டூரில் ஆளை டார்ச் எடுக்கவே விடமாட்டார்கள். அதனால் லண்டனில் ஒரு நாள் கூட்டத்திலிருந்து நழுவி என்னிடம் வந்துவிடுங்கள். மிளகாய்ப்பொடி அரைக் கிலோ போதும்.

இப்படிக்கு,
தம்பி.

பி.கு.: அன்று எப்படி வெளியே வந்தேன் என்று இன்னும் கேட்கிறாய். டாக்சிக்காரர் ஒருவர் பார்த்துப் பார்த்து இரக்கப்பட்டு வண்டியை நிறுத்தி வழிவிட்டார். போக வேண்டிய பக்கம் அது இல்லை; நேராகப் பாலத்தில் ஏறிவிட்டோம். தேம்ஸ் நதியைக் காட்டத்தான் வந்தேன் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.