மச்சான் கையில கட்டிங் வேஸ்ட்டு

வா அப்புனு, சித்த குக்கு. நேத்து உன்ற பனியன் கம்பெனிக்கு வந்திருந்தேன். வாசல்ல பெரியம்மா பையன், பேக்கிங்ல அத்தை, ஸ்டோர் சாவி சின்ன மாமன் இடுப்புல, கணக்குல மச்சான். கலியாண மண்டபத்துக்குள்ள நொழஞ்சுட்டமோன்னு மொய்க் கவரைத் தேடிப்போட்டேன். பவர் டேபிள்ல குக்கியிருந்த ஒடிசாப் பையன் மட்டுந்தான் வேலை செஞ்சுட்டிருந்தான். பாவம், அவனுக்கு நம்ம பக்கம் யாரும் பொண்ணு குடுக்கல போல.

சொந்தக்காரன் ஆகாதுன்னு சொல்லல. சனிக்கிழமைச் சம்பளம் தட்டிப்போச்சுன்னா வேத்தாளு திங்கக்கெழமை பக்கத்துக் கம்பெனியில இருப்பான். சொந்தம் நிக்கும். ஆனா நிக்கறதும் வேலை செய்யறதும் ஒண்ணா?

துணி வெட்டறப்ப விழற துண்டு இருக்குதே, கிலோ கணக்குல காசு. அதை எடை போடறது மச்சான், விக்கறது மச்சான், பில் எழுதறதும் மச்சான். நீ தொழில் நடத்தல அப்புனு, சீர் செஞ்சுட்டிருக்கறே! எத்தனை கிலோ விழுந்துச்சுன்னு கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாதா? தெரியும். சொன்னா உனக்கு ராத்திரி ஊட்டுல சோறு விழாதுன்னும் தெரியும். அதான் வாயத் தொறக்கல.

செட்டிநாட்டுக்காரங்க பர்மாவுல வட்டிக்கடை நடத்துனப்ப, பெத்த மகனையே அடுத்தவங்க கடைக்குத் தொழில் பழகப் பெட்டியடிப் பையனா அனுப்புவாங்க. அதுக்கப்பறந்தான் படிப்படியா அடுத்தாள், மேலாள் எல்லாம். கடையைப் பாத்துக்கப் போற ஏஜெண்டுக்கு மூணு வருசக் கெடு. முடிஞ்சா ஊருக்கு வந்து கணக்கு ஒப்படைக்கோணும், உறமொறையா இருந்தாலும். உன்ற மச்சான் எடுத்தவொடனே மேலாள்.

ஆடிட்டரைக் கேட்டுப் பாரு. வேலைக்கு மீறி நெருங்குன சொந்தத்துக்குச் சம்பளம் போட்டா, மீறுன காசைச் செலவுல சேக்கவுட மாட்டான் வருமான வரிக்காரன். டெல்லிக்காரனுக்கே நம்ம சொந்தபந்தத்தைத் தெரிஞ்சிருக்குது பாரு.

நாஞ் சொல்றதைக் கேளு. மச்சானை ஆறு மாசம் செக்கிங் சூப்பர்வைசரம்மாவுக்குக் கீழ போடு. தையல் வுட்டிருந்தா பீசைத் தூக்கி மூஞ்சியில எறியற ஆளு அது. அந்தம்மாவுக்குச் சம்பளத்தையுஞ் சித்த ஏத்திக் குடு, உனக்காகப் பேச்சு வாங்கப் போகுதல்லொ. மச்சான் தாக்குப் புடிச்சா நல்ல ஆளு கெடச்சான். ஓடிட்டா, உன்ற ஊட்டுக்காரி கோவம் அந்தம்மா மேல போகும். போதாதுன்னா பையர் சொல்லிட்டான்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. பையர் செருமனியில இருக்கறான், உன்ற மாமியா பஸ்ஸேறிப் போயிக் கேக்கவா போறா?