வாளித்திணை: ஒரு சிறப்பு முகாமை முன்வைத்துச் சில கருதுகோள்கள்

ஐம்பது மாணவர்களைக் கொண்டுபோய் ஒரு சிற்றூரில் இறக்குகிறோம். இறங்கும்போது ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. ஏழாம் நாள் அதே ஐம்பது பேரும் பஸ் ஏற மனமில்லாமல், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறார்கள். இடையில் நடந்தது என்ன? ‘தலைமைப் பண்புப் பயிற்சியால் மாணவரிடையே ஒற்றுமையுணர்வு ஓங்கியது’ என்று முகாம் அறிக்கை சொல்லும். அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான். ஆகவே அதை நம்ப வேண்டியதில்லை என்று அடித்துச் சொல்லமுடியும். இக்கட்டுரையின் கருதுகோள் வேறு: அவர்களை ஒன்றாக்கியது வாளி.

இத்துறையில் முன்னாய்வுகள் அரிது. முகாமுக்குப் போகிறவர்கள் ஆராய்ச்சி செய்யும் நிலையில் திரும்புவதில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் முகாமுக்குப் போவதில்லை. நான் அப்போது முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு. பழைய தொண்டன் என்ற தகுதியில், திட்ட அலுவலருக்கு ஒத்தாசையாக இருக்கும்படி அனுப்பப்பட்டேன். ஆய்வு முறை பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது வேலையும் செய்தேன், வேடிக்கையும் பார்த்தேன். ஆய்வு அறம் கருதி மாணவர் பெயர்களைச் சொல்லாமல் துறைப் பெயரால் குறிக்கிறேன். முகாமிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்: “ஏய் மேத்ஸு, அந்த மம்பட்டிய எடு.”

களமும் காலமும்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அன்றைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிவைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். தொண்டர் ஒருவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதோடு, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. சட்டையில் குத்தும் பேட்ஜில் இருப்பது கோனார்க் சூரியன் கோயில் தேரின் சக்கரம். அதன் எட்டு ஆரங்களும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். முகாமில் வாளிக்கும் அந்த 24 மணி நேரமும் வேலைதான்.

எங்கள் களம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர் ஒன்று. அரையாண்டு விடுமுறை, மார்கழி மாதம். மாணவிகளுக்கு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இரண்டு வகுப்பறை, மாணவர்களுக்கு அதன் எதிரே சமுதாயக் கூடம். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டுவது காலை வேலை, சாப்பாட்டுக்குப் பின் சொற்பொழிவு, இரவு கலைநிகழ்ச்சி.

கல்லூரிப் பண்டக அறையிலிருந்து இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நான் எடுத்துச் சென்ற வாளிகள் 12. அவற்றுள் பிளாஸ்டிக் 10, எவர்சில்வர் 2. எவர்சில்வரில் ஒன்று சாம்பாருக்கு, மற்றது ரசத்துக்கு. ஆக, குளிக்க, துவைக்க, கழுவ, பெருக்கித் துடைக்க, நட்ட கன்றுக்கு ஊற்ற என்று ஐம்பது பேருக்கு மிஞ்சியது பத்து. இந்த ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

முதல், கரு, உரி

எந்த நிலத்தையும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது தொல்காப்பியர் காட்டிய வழி. முகாமுக்கும் அது அப்படியே பொருந்தும். முதற்பொருள்: பள்ளிக்கூடமும் மார்கழி விடியலும். கருப்பொருளில் தெய்வம், ஒருமுறை வந்து சால்வை வாங்கிக்கொண்டு போன முதல்வர். உணா, ரவை உப்புமா. மா, உப்புமாவை மறுத்துவிட்ட தெருநாய். மரம், சீமைக் கருவேலம். பறை, காலை நாலரை மணிக்கு மாரியம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கியும் ஐந்தரைக்குத் திட்ட அலுவலரின் விசிலும். யாழுக்கு மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு. இயற்பியல் இரண்டாமாண்டு ஒரு சோற்றுக் குண்டானைக் கவிழ்த்துத் தட்டி அதையும் ஈடுசெய்தார்.

உரிப்பொருள்தான் இந்த ஆய்வின் உயிர். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என ஐந்து. (கல்லூரி நிர்வாகத்தின் நிம்மதியைக் கருதி முதலாவதை இனிக் ‘கூடல்’ என்றே எழுதுகிறேன்.) புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், குழு என்பது கூடுதல், மோதுதல், நெறிப்படுதல், செயல்படுதல் என்ற நான்கு நிலைகளைத் தாண்டித்தான் குழுவாகிறது என்று 1965-இல் எழுதினார். கலைதல் என்ற ஐந்தாவது நிலையைச் சேர்க்க அவருக்கு 1977 வரை, பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. அதற்கும் மேரி ஆன் ஜென்சன் துணைக்கு வரவேண்டியிருந்தது. பிரிதலை முதலிலேயே கணக்கில் வைத்த நூல் நம் தமிழ்த்துறை அலமாரியில்தான் இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள் இரங்கல். செல்போன் சிக்னல் மேல்நிலைத் தொட்டியின் படிக்கட்டில், அதுவும் நான்காம் படியில் மட்டுமே கிடைத்தது. அங்கே வரிசை கட்டி நின்று அம்மாவிடம் அழுதார்கள். தாவரவியல் முதலாண்டு மாணவி ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணே, நாளைக்குக் காலைல பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். ஊருக்குத் திரும்பும் பஸ். இரண்டு ஆண்டுத் தொண்டில் நான்கு மணி நேரம்தான் முடிந்திருந்தது.

அன்று பிற்பகல் ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் வந்து எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்தார். பெயரைச் சொல்லி, நூலைப் பிடித்துக்கொண்டு, கண்டை எதிரில் இருப்பவரிடம் வீச வேண்டும். முடிவில் நடுவே ஒரு வலை உருவாகும். அந்த வலைதான் நம் உறவு என்று அவர் சொன்னார். வலை உருவானது, உறவு உருவானதற்குத் தடயம் இல்லை. ஆனால் அவர் போன பிறகு அந்தச் சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்த வணிகவியலும் வேதியியலும் இருட்டும்வரை பிரித்தார்கள். எழுந்திருக்கும்போது அவர்களுக்குள் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டிருந்தது. இதைத் தரவாகக் குறித்துக்கொண்டேன். தமிழில் நெருக்கத்தை அளக்க வேறு கருவி தேவையில்லை. ‘நீங்க’ என்றால் பூச்சியம். ‘நீ’ வந்தால் பாதிக் கிணறு. ‘டேய்’, ‘ஏண்டி’ வந்துவிட்டால் அளவுகோல் முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் இருத்தல். முல்லைத் தலைவி தலைவனுக்குக் காத்திருந்தாள். இவர்கள் வாளிக்குக் காத்திருந்தார்கள். அவளுக்காவது கார்காலம் என்று ஒரு கெடு இருந்தது.

ரசப் பிரச்சினை

மூன்றாம் நாள் மதியம், இரண்டாம் பந்தியில், ரசத்தில் சீயக்காய் மணந்தது.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. மிளகு சற்று வேறு மாதிரி என்று நினைத்திருக்கலாம். ஆங்கில இலக்கியம்தான் முகர்ந்து பார்த்து, “இது எங்க ஆத்தா எண்ணெய் தேச்சுக் குளிக்கிற வாசம்” என்று அறிவித்தார். பிளாஸ்டிக் வாளி கிடைக்காத யாரோ ஒருவர், விடியற்காலை இருட்டில், எவர்சில்வர் வாளியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறார். நான் ஒருநபர் விசாரணைக் கமிஷனாக அமர்ந்தேன். திட்டத்தின் குறிக்கோள் வாசகத்துக்கு ‘நான் அல்ல, நீ’ என்று பொருள். அன்று விசாரிக்கப்பட்ட ஐம்பது பேரும் அதையே வாக்குமூலமாகத் தந்தார்கள். ஒரு திட்டத்தின் இலட்சியம் கடைசித் தொண்டர்வரை இவ்வளவு ஆழமாகப் போய்ச் சேர்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று மாலை முகாம் இரண்டாக உடைந்தது. பள்ளிக்கூடத்தார் சமுதாயக் கூடத்தாரைச் சந்தேகித்தார்கள். சமுதாயக் கூடத்தார், சீயக்காய் யார் தலைக்கு என்று திருப்பிக் கேட்டார்கள். வாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, எனாமல் பெயிண்டில் ‘ப’ என்றும் ‘ச’ என்றும் எழுதிக்கொண்டார்கள். ‘ச’ சாம்பாருக்கா சமுதாயக் கூடத்துக்கா என்று இரவு இன்னொரு வழக்கு வந்தது. மருதத்து ஊடலுக்குப் பாணன் தூது போவான். இங்கே போனவன் நான். பாணனுக்குக் கிடைத்த மரியாதையே எனக்கும் கிடைத்தது.

ஊருணி

இந்த இடத்தில் ஓர் அயல்நாட்டு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 1954-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில், துருக்கியில் பிறந்த முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களைக் கோடை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணி கழுகுகள், மற்றது பாம்புகள். கொடியை எரித்தார்கள், அறை புகுந்து சூறையாடினார்கள். ஒன்றாகச் சேர்ந்து சாப்பிடவைத்தும் படம் போட்டுக் காட்டியும் பார்த்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்களே தவிர வேறு பயனில்லை. பிறகு ஆய்வாளர்களே முகாமின் தண்ணீர்க் குழாயைச் சாக்கை வைத்து அடைத்து, தண்ணீர் நின்றுபோகும்படி செய்தார்கள். தாகம் எடுத்ததும் இரு அணியும் சேர்ந்து கோளாற்றைத் தேடிப் போயின. பகை அங்கிருந்துதான் தணியத் தொடங்கியது.

எங்களுக்குச் சாக்குச் செலவு மிச்சம். நான்காம் நாள் விடியற்காலை மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் தானாகவே புகைந்து நின்றது. “காயில் போச்சு, தம்பி. வைண்டிங் கட்டித்தான் வரணும். ரெண்டு நாளாகும்,” என்றார் ஆபரேட்டர். ஐம்பது பேர், உலை வைக்கக் காத்திருக்கும் சமையல் மாஸ்டர், பத்து வாளி. பள்ளிக்கூடத்திலிருந்து ஊருணி என் காலடிக்கு 160 தப்படி.

ஊருணிக் கரையில் வேப்ப மரத்தடியில் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். எங்கள் பட்டாளத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். “காலை நனைக்காமெ மொண்டுக்கங்கப்பா. ஊரு குடிக்கிற தண்ணி.” பிரச்சினை புரிந்தது. நனையாத கடைசிப் படியில் குந்தி, முன்னால் குனிந்து, கால் விரல்கூட நீரில் படாமல் வாளியை நிரப்பித் தூக்க வேண்டும். முதல் நாள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவத் தலைவர் வரிசையின் நடுவே நின்று “வேகமா, வேகமா” என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

கடைசிப் படிக்கு இறங்கியவர் தாவரவியல் முதலாண்டு. “அண்ணே, எங்க ஊர்லயும் ஊருணிதான்,” என்றார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குந்தினார். வாளியின் விளிம்பால் நீரின் மேலாக இரண்டு தரம் அலசி, மிதந்த வேப்பிலையையும் தூசியையும் தள்ளிவிட்டு, அந்த வட்டம் மூடுவதற்குள் சாய்த்து மொண்டார். மேலே நீட்டினார். அடுத்த வாளி. மறுபடி இரண்டு தரம் அலசல், ஒரு மொள்ளல். அப்பத்தா திரும்பிப் போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த ஊரில் கிடையாது.

வரிசையில் நாற்பது பேர், ஆளுக்கு நாலு தப்படி. காங்கிரீட் போடும் இடத்தில் சட்டி கைமாறுவதுபோல வாளி கைமாறியது. தங்கத்துக்கு இருப்பதுபோலத் தண்ணீருக்கும் சேதாரம் உண்டு: கரையில் நிறைந்து கிளம்பிய வாளி அடுக்களைக்கு முக்கால்தான் வந்து சேர்ந்தது. மீதிக் கால் வழியில் நின்றவர்களின் பேண்ட்டில் இருந்தது. காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் திரும்ப ஓடினார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஏழாவது வாளியில் ‘ப’வும் ‘ச’வும் கலந்துவிட்டன. பன்னிரண்டாவதில் மாணவத் தலைவர் வாளியை வாங்காமல் “வேகமா” என்று சொல்லிவிட்டதால் முழு வாளியும் அவர் மேலேயே இறங்கியது. “டேய் லீடரு, புடிடா மொதல்ல!” என்று கத்தியவர் மூன்று நாளாக யாரிடமும் பேசாத கணிதம். அளவுகோல் அந்த நொடியில் முடிந்துபோனது. நான்காம் நாள் கூடல்.

இரண்டு நாளும் இப்படியே. மோட்டார் ஆறாம் நாள் சரியாகிவிட்டது. அதன் பிறகும் மாலையில் சிலர் வாளியோடு ஊருணிக்குக் கிளம்பியதைப் பதிவு செய்கிறேன். காரணம் கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் இரவு கலைநிகழ்ச்சி முடிந்தபின் ஆங்கில இலக்கியம் எழுந்து, சீயக்காய் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். வழக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரே குற்றவாளி. அடித்தார்கள், சிரித்துக்கொண்டே. ஏழாம் நாள் பிரிதல். பஸ்ஸுக்கு நேரம் கேட்ட தாவரவியல்தான் பஸ்ஸில் கடைசியாக ஏறினார். முதலில் ‘சார்’ என்றும் பின்பு ‘அண்ணே’ என்றும் அழைக்கப்பட்ட நான், அன்று ‘வாளியண்ணன்’ ஆகியிருந்தேன்.

ஒப்பீட்டுச் சோதனை

ஒரே களத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது ஆய்வு நெறி. அடுத்த ஆண்டும் உதவிக்குப் போனேன். வேறு ஊர், வேறு ஐம்பது பேர். என் முந்தைய அறிக்கையில் ‘வாளிப் பற்றாக்குறை’ என்று ஒரு வரி எழுதித் தொலைத்திருந்தேன். நிர்வாகம் இரக்கப்பட்டு 25 புது வாளி வாங்கித் தந்தது. மோட்டார் ஒரு நாளும் நிற்கவில்லை. ரசத்தில் ரசமே மணந்தது. நூல்கண்டு ஆட்டம் பிரமாதமாக நடந்தது. ஏழு நாளும் ஒரு சண்டை இல்லை. பஸ் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. குழுப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. பாதிப் பேர் பெயர் நினைவில்லை. வழியில் டீ குடிக்க இறங்கியபோதுகூட ஒருவருக்கொருவர் “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே திட்ட அலுவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிறப்பு முகாமுக்கு உத்தேச மதிப்பீடு போடும்போது ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு வாளிக்கு மேல் எழுதாதீர்கள். அதிலும் இரண்டு எவர்சில்வராக இருக்கட்டும். மோட்டார் விஷயமாகப் பஞ்சாயத்துத் தலைவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.