ஒரு கிரவுண்டு, பல குடும்பம்

சென்னையில் ஒரு கிரவுண்டு மனையில் எவ்வளவு கட்டலாம்?

2,400 சதுர அடிக்கு 4,800 வரை; சாலை அகலமும் பக்க இடைவெளியும் இடம் கொடுத்தால். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், உயரம் குறைந்த குடியிருப்புக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. முன்பு ஒன்றரை. தெரு மட்டும் அப்படியே இருக்கிறது. தண்ணீர் லாரியும் ஸ்கூல் வேனும் எதிரெதிரே வரும்போது போய்ப் பாருங்கள்.

1,000 சதுர அடி என்று வாங்கிய ஃபிளாட்டை அளந்தால் 700-தான் வருகிறது. மீதி எங்கே?

தினமும் அதில்தானே செருப்போடு ஏறி வருகிறீர்கள்! படிக்கட்டு, லிப்ட், நடை எல்லாம் உங்கள் காசுதான். வீட்டுக்குள் புழங்கும் பரப்பான கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம். பால்கனி அதில் சேராது.

படுக்கையறை எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?

ஒரே அறை உள்ள வீடென்றால் 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட நெறிமுறை. சுமார் 102 சதுர அடி. கட்டில் போகும், பீரோவும் போகும். பீரோவைத் திறக்க வேண்டுமானால் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும்.

மனையில் என் பிரிபடாத பாகம் 400 சதுர அடியாம். எந்த மூலையில் இருக்கிறது?

மூலை தெரிந்தால் அப்புறம் என்ன பிரிபடாத பாகம்? ஆனால் கட்டடம் கிழடாகி இடிக்கும் நாளில் கையில் நிற்பது அதுதான். டைல்ஸ் நிறத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் பத்திரத்தை எடுங்கள்.