எட்செட்ரா: முற்றுப்பெறாத ஓர் ஆய்வு

எழுதுகிறவரிடம் சரக்கு தீர்ந்த இடத்தில் எட்செட்ரா பிறக்கிறது என்பதே இதுவரை நிலவிவரும் கொள்கை. ஐந்து பயன்கள் கேட்ட வினாவுக்கு மூன்றை எழுதி, நான்காவதாக எட்செட்ரா போடும் தேர்வர் இதற்குப் போதிய சான்று. ஆனால் இங்கிலாந்தின் அரச ஆவணங்களைப் புரட்டினால் இந்தக் கொள்கை ஆட்டம் காண்கிறது.

முதலில் இலக்கணம். லத்தீனில் 'எட்' என்பது 'உம்'. 'செட்டெரா' என்பது மற்றவை. எனவே 'அண்ட் எட்செட்ரா' என்பவர் உம்மையை இருமுறை போடுகிறார். 'எக்ஸெட்ரா' என்பவர் இல்லாத எழுத்தொன்றைத் தானம் செய்கிறார். கடைப் பலகையில் தந்தைக்கும் மகன்களுக்கும் நடுவே சுருண்டு கிடக்கும் '&' குறியும் இந்த 'எட்'தான்; இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்ட வடிவம். பட்டியலில் எஞ்சியவை வாசகருக்குத் தெரிந்தவையாக இருந்தால் மட்டுமே எட்செட்ரா போடலாம் என்பது விதி.

விதியை மீறியவர்களில் ஒருவர் மகாராணி. 1534இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று சட்டம் செய்துகொண்டார். 1558 நவம்பரில் அவர் மகள் எலிசபெத் அரியணை ஏறியபோது, அந்தப் பட்டத்தைச் சூடினால் கத்தோலிக்கர் கொதிப்பார்கள். விட்டால் மறுதரப்பு கொதிக்கும். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து அரசி, விசுவாசத்தின் காவலர், எட்செட்ரா என்று அறிவித்துவிட்டார்கள். அந்த எட்செட்ராவுக்குள் திருச்சபையே அடங்கியிருந்தது என்று சட்ட வரலாற்றறிஞர் எஃப். டபிள்யூ. மெய்ட்லண்ட் கட்டுரையே எழுதினார். இதெல்லாம் ஓர் ஆய்வா என்று கேட்போர் முதலில் அவரிடம் போகட்டும்.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' 1597 பதிப்பில் மெர்க்யூஷியோ சொல்லும் கொச்சைச் சொல் இருக்கவேண்டிய இடத்தில் எட்செட்ரா நிற்கிறது. மேல்விளக்கம் இவ்விதழுக்கு ஏற்றதன்று.

உச்சம் 1640. பேராயர் லாட் காலத்துத் திருச்சபை விதிகளில் குருமார்களுக்கு ஒரு சத்தியப் பிரமாணம் வந்தது: பேராயர், ஆயர், டீன், ஆர்ச்டீக்கன், எட்செட்ரா ஆகியோரால் நடக்கும் திருச்சபை ஆட்சியை மாற்ற ஒருபோதும் சம்மதியேன். யாரந்த எட்செட்ரா என்று கேள்வி எழுந்தது. இன்னாரென்று தெரியாதவர் பேரில் கடவுளறியச் சத்தியம் செய்ய எந்தக் குருவுக்குத்தான் மனம் வரும்? 'எட்செட்ரா பிரமாணம்' என்ற கேலிப்பெயரே நிலைத்தது. டிசம்பரில் மக்களவை அந்த விதிகள் சட்டவிரோதமென்று தீர்மானித்தது.

லாட் 1645 ஜனவரியில் தலை வெட்டப்பட்டு இறந்தார். பிரமாணம் மட்டுமே காரணமன்று. நாட்டின் சட்டத்தைக் கவிழ்க்கப் பார்த்தார், மதத்தைக் கவிழ்க்கப் பார்த்தார், எட்செட்ரா என்று குற்றப்பட்டியல் நீண்டது.