ஒன்பது இஞ்சுக்காரர்

ஒன்பது இஞ்சுக்காரர் என்பவர் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், கட்டுமாவடி முதல் மீமிசல் வரை பரவலாகக் காணப்படுபவர். அவருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு இருக்கும். அதன் பின்புறத்தில் கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று தொங்கும். மீன்பிடிப்பது அவருடைய பிழைப்பு அல்ல. ஞாயிற்றுக்கிழமை மச்சான் மாப்பிள்ளைகளோடு போய்த் தூண்டில் போட்டு, நாலு முரலும் இரண்டு ஊளியும் பிடித்து, அவற்றைப் போலப் பத்து மடங்கு போட்டோவும் பிடித்துத் திரும்புவதற்காகவே அந்தப் படகு. அந்தப் படகுக்கு ஒரு ஜி.பி.எஸ். பிளாட்டர், அதாவது படகு நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் திரை, வாங்குவதுதான் அவருடைய முழுநேர வேலை. வாங்கி முடித்த பிறகும் அந்த வேலை நிற்பதில்லை.

இவ்வகையினர் இரண்டு வழிகளில் உருவாகிறார்கள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருபது வருடம் சபுர் (வெளிநாட்டுப் பிழைப்பு) செய்து ஊர் திரும்பியவர்கள் ஒரு பிரிவு. அறந்தாங்கிப் பக்கம் தென்னந்தோப்பும், அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆளும் வாய்த்தவர்கள் இன்னொரு பிரிவு. முன்னவர்கள் எந்தப் பேச்சையும் “அங்கேயெல்லாம்” என்று தொடங்குவார்கள். பின்னவர்கள் “என்ன விலை வரும்” என்று தொடங்குவார்கள். ஆசை பிறக்கும் காரணம் இரு பிரிவினருக்கும் ஒன்றுதான். பக்கத்துப் படகில் ஏழு இஞ்சுத் திரை இருக்கும்.

இவர்களின் நடமாட்டம் உச்சத்தில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும் விசைப்படகுகள் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் கடலுக்குள் இருக்கும் டிரைவர்கள், வலை கோப்பதும் பலகையைச் சரிபார்ப்பதுமாக அப்போது கரையிலேயே அகப்படுவார்கள்.

“அண்ணே, எந்தப் பிளாட்டர் வாங்கலாம்?”

“எழுத்து வெயில்ல தெரியணும். பொத்தான் ஈரக் கைக்கு அமுங்கணும். கெட்டுப்போனா இங்கனயே பார்க்க ஆளு இருக்கணும். அவ்வளவுதான் தம்பி.”

இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் பதிலை ஒன்பது இஞ்சுக்காரர் ஆலோசனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த டிரைவரைத் தேடிப் போவார். அவரும் அதையே சொல்வார். இப்படி ஏழெட்டுப் பேரிடம் ஒரே பதிலைப் பெற்ற பின், “ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்று வீட்டில் அறிவித்துவிட்டுத் தாமே ஆராயத் தொடங்குவார்.

ஆராய்ச்சியின் முதல் தலைப்பு திரை. ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு இஞ்சுகளில் பிளாட்டர்கள் கிடைக்கின்றன. ஐந்து போதும் என்பது அவருக்குத் தெரியும். ஏழு பக்கத்துப் படகில் இருக்கிறது. பன்னிரண்டு வைத்தால் மச்சான் உட்கார இடமிருக்காது. ஆகவே ஒன்பது. கடலில் திரையின் அகலத்தைவிட வெளிச்சமே முக்கியம். நடுப்பகல் வெயிலில் மங்கிப்போகும் ஒன்பது இஞ்சைவிட எழுத்து பளிச்சென்று தெரியும் ஐந்து இஞ்சு மேல். இதிலும் அவருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர் அணியும் போலராய்டு கூலிங் கிளாஸும் பிளாட்டரின் திரையும் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் தன்மை கொண்டவை. இரண்டும் குறுக்காக அமைந்துவிட்டால் திரை கறுத்துப் போகும். முதல் நாளே கருவி செத்துவிட்டது என்று கடைக்காரருக்கு நடுக்கடலிலிருந்து போன் போவது பெரும்பாலும் இதனால்தான். தலையைச் சாய்த்தால் படம் வரும் என்று கண்டுபிடித்த பிறகு, கழுத்தைச் சாய்த்தபடியே படகோட்டுவது இவ்வகையினரின் அடையாளமாகிவிட்டது.

இரண்டாம் தலைப்பு செயற்கைக்கோள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாட்டின் நாவிக் ஆகிய ஐந்தையும் பிடிக்கும் கருவியே அவருக்கு வேண்டும். இருப்பிடம் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் போதும். மூன்று இடத்தைச் சொல்லும், நான்காவது கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்தும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை நடுக்கடலில் மாடியும் மறைப்பதில்லை, மரமும் மறைப்பதில்லை. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தவறிய கணக்கு, இன்று எளிய கருவியிலும் சில மீட்டருக்குள் வந்துவிட்டது. ஒன்பது இஞ்சுக்காரருக்கு இந்தச் சில மீட்டரும் உறுத்தும். போன வாரம் ஊளி கடித்த இடத்துக்கே அட்சரம் பிசகாமல் போய் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஊளிக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது.

மூன்றாம் தலைப்பு ஆழம். ஒலி அனுப்பி மீன் காட்டும் எக்கோ கருவியை 1948-ல் ஜப்பானில் புருனோ சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த வரலாறு அவருக்குத் தலைகீழாகத் தெரியும். தம் படகுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் தெரியாது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. இத்தகைய கடலுக்கு 200 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய எக்கோ தாராளம். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கானது. அவர் வாங்குவதோ ஆயிரம் மீட்டர் ஆழம் பார்க்கும் ஒரு கிலோவாட் எக்கோ. மூன்று மீட்டர் தண்ணீரில் அதை முழுச் சக்தியில் வைத்தால் ஒலி தரைக்கும் மேற்பரப்புக்கும் இடையே மறுபடி மோதித் திரும்ப, திரையில் ஒரு தரைக்குக் கீழே இன்னொரு தரை தெரியும். கொடுத்த விலைக்கு இரண்டு தரை நியாயம்தான் என்று அவர் ஏற்றுக்கொள்வார். படகில் மூங்கில் கழியோடு நிற்கும் பையன் அதைத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்து, “ரெண்டு ஆள் ஆழம்தான் மாமா” என்பான். அந்தத் தகவல் கருவியிலிருந்து வராததால் பதிவு செய்யப்படாது.

நான்காம் தலைப்பு வரைபடம். பல பிளாட்டர்களில் கருவி ஒரு விலை, கடல் வரைபடக் கார்டு தனி விலை. இந்த உண்மை வாங்கிய பிறகே தெரியவரும். சிங்கப்பூரிலிருந்து உறவினர் கையில் வந்திறங்கும் கருவியில் அந்த ஊர்க் கடல் மிதவை மிதவையாகத் தெரியும். கோட்டைப்பட்டினம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை இருக்கும். இந்தியக் கடல்களின் அதிகாரபூர்வ வரைபடங்களைத் தயாரிப்பது டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராபிக் அலுவலகம். கடலைப் பார்க்க மலையடிவாரத்துக்கா போவது என்று இரண்டாம் பிரிவினர் இங்கே சற்றுத் தயங்குவார்கள்.

ஐந்தாம் தலைப்பில் விளையாட்டு முடிகிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ இருபது கடல் மைலில் இந்திய, இலங்கைக் கடல் எல்லைக்கோடு ஓடுகிறது. 1974 ஒப்பந்தம் அதை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. தண்ணீரில் கோடு தெரியாது. கருவியில் புள்ளிகளை ஏற்றி, கோட்டை நெருங்கினால் அலாரம் அடிக்கும்படி வைத்தால்தான் உண்டு. இந்தக் கடலில் பிளாட்டர் வாங்க இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. மூன்றாவது புள்ளி வடக்கு 9 டிகிரி 40.15 மினிட், கிழக்கு 79 டிகிரி 22.60 மினிட். ஒன்பது இஞ்சுக்காரர் இதை 40 மினிட் 15 செகண்ட் என்று தட்டுவார். 0.15 மினிட் என்பது 9 செகண்ட்தான். இந்த ஆறு செகண்ட் பிசகில் இரு நாட்டு எல்லை சுமார் 185 மீட்டர் வடக்கே நகர்ந்துவிடும். அடுத்து 22 மினிட் 60 செகண்ட் என்று தட்டுவார். அறுபதாவது செகண்டைக் கருவி ஏற்க மறுக்கும். கருவியில் கோளாறு என்று எழுதிவைத்துக்கொண்டு, எல்லை அலாரம் இல்லாமலேயே படகை இறக்குவார். நல்லவேளையாக அவர் மூன்று மைலுக்கு மேல் போவதில்லை.

பொருத்தும் படலம் தனி. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்று ஐ.பி.எக்ஸ்.7 முத்திரை உறுதி சொல்கிறது. படகு சேற்றில் தட்டும்போது எல்லோரும் இறங்கித் தள்ளும் தண்ணீரே அவ்வளவு இராது என்பதால் இது போதுமானது. ஆனால் கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் உள்ள படகில் பேட்டரியே கிடையாது. ஆகவே பேட்டரி, பேட்டரி நனையாதிருக்கப் பெட்டி, திரைக்கு வெயில்மறைப்பு, வெயில்மறைப்பைத் தாங்கத் துருப்பிடிக்காத கம்பி. எல்லாம் ஏறியபின் மச்சானுக்கு இடமிருக்காது. பன்னிரண்டு இஞ்சே வாங்கியிருக்கலாம் என்ற எண்ணம் முளைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

கடலில் இவருடைய நடத்தை ஒழுங்கானது. கரை கண்ணுக்கு நேராகத் தெரியும்போதும் கரை எந்தப் பக்கம் என்று திரையில் பார்ப்பார். சோழகக் காற்று திரும்பியதை மூத்தவர் யாராவது சொன்னால், கருவியில் காற்று காட்டாது என்று வருத்தத்தோடு விளக்குவார். போகிற இடமெல்லாம் பாயிண்ட் குறித்து, ‘பாயிண்ட் 1’ முதல் ‘பாயிண்ட் 212’ வரை சேர்ப்பார். எது மீன் கிடைத்த இடம், எது மச்சான் செருப்பு விழுந்த இடம் என்பதற்குக் குறிப்பு இராது.

இவ்வகையினரால் ஊருக்குத் தீங்கில்லை. ஒரு நன்மையும் உண்டு. இரண்டாவது தடைக்காலத்தில் பன்னிரண்டு இஞ்சு வந்துவிடும். பழைய கருவியைப் பாதி விலைக்கு ஒரு நாட்டுப்படகுக்காரர் வாங்கிப்போவார். ஜெகதாப்பட்டினத்தில் யாரிடமாவது கொடுத்து 212 பாயிண்டையும் அழித்து, ஆறு எல்லைப் புள்ளிகளைச் சரியாக ஏற்றி, அலாரத்தை முடுக்கி, எக்கோவின் சக்தியைக் குறைத்து வைப்பார். இரண்டாம் தரை மறையும். ஒன்பது இஞ்சும் ஒழுங்காக வேலைக்குப் போகத் தொடங்கும்.