சொத்தையும் முத்தும்

நான் பையனாக இருந்த காலத்தில், எங்கள் மதுரைப் பக்கம் பல்வலிக்கு வைத்தியம் இரண்டே: கிராம்பு, அதற்கு அடங்காவிட்டால் குறடு. "போய்ப் பிடுங்கிட்டு வா" என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடும். டாக்டரிடம் யோசனை கேட்பதெல்லாம் கிடையாது. வாயைத் திறந்து, எந்தப் பல் என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டியது நாம். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஊசி போட்ட இடம் மரத்துப்போகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத டாக்டர்களும் இருந்தார்கள்.

ஒரே ஒரு தடையுத்தரவு உண்டு. மேல் பல்லில் கை வைக்கக்கூடாது. வைத்தால் கண் போய்விடும். எங்கள் அப்பாவுக்கு மேல் கோரைப்பல் சொத்தையானபோது அப்பத்தா இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாள். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று அவளிடம் யார் சொல்வது? துண்டால் தலையோடு சேர்த்துத் தாடையைக் கட்டிக்கொண்டு அப்பா வேலைக்குப் போய் வந்தார். சீழ் மேலே ஏறி, கன்னம் வீங்கி, ஒரு நாள் காலையில் இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கண்ணுக்குப் பயந்து விட்டுவைத்த பல்தான் கண்ணை மூடியது. பிடுங்கிய பிறகு கண் நன்றாகவே தெரிந்தது. அப்பத்தா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது என் முறை. கீழ்க் கடைவாய்ப்பல் இரவெல்லாம் விண்விண் என்று தெறித்தது. பழைய பழக்கத்தில், "பிடுங்கிடுங்கம்மா" என்று வாயைத் திறந்தேன். என் மகள் வயசு டாக்டரம்மா, "அவசரப்படாதீங்க அங்கிள்" என்று எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். பல் நீங்கிவிடும் சந்தோஷத்தோடு போனவனுக்குப் பாடம் நடந்தது. பிடுங்குவதென்றால் வேர் நீளவாக்கில் பிளந்திருக்க வேண்டும். அல்லது சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, கேப் மாட்ட மேலே பல்லே மிஞ்சாமல் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் பிடித்திருக்கிற எலும்பு கரைந்து பல் நாலா பக்கமும் ஆட வேண்டும். இதில் ஒன்றும் எனக்கு இல்லையாம். அதனால் ரூட் கெனால். பிடுங்கும் செலவைப்போலப் பல மடங்கு கொடுத்து, பிடுங்காமல் வீடு திரும்பினேன்.

ஞானப்பல்லைக்கூடச் சும்மா பிடுங்குவதில்லை. குறுக்கே படுத்துக்கொண்டு ஈறை அடிக்கடி வீங்க வைத்தாலோ, பக்கத்துப் பல்லை அரித்தாலோதான் அதன் மேல் கை வைக்கிறார்கள். தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்காதீர்கள் என்று பிரிட்டனில் 2000-இலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதென்றால் கதை வேறு. அதன் பிறகு தாடை எலும்பு எளிதில் ஆறாது என்பதால், தேறாத பற்களை முன்பே எடுத்துவிடுகிறார்கள்.

இத்தனை நியாயமும் கேட்டுவிட்டு வந்த அடுத்த மாதமே பேத்திக்குக் கிளிப் போட வேண்டுமென்றார்கள். அதற்கு முன்னால் நாலு பல் எடுக்க வேண்டுமாம். சொத்தையா? இல்லை. ஆடுகிறதா? அதுவும் இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு, நல்ல முன்கடைவாய்ப்பற்கள். தாடை சின்னது, பல் பெரிசு. தெற்றுப்பல் வரிசைக்கு வர இடம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். கிளிப் போடும் எல்லாருக்கும் பல் எடுக்க வேண்டியதில்லையாம், இவளுக்கு வேண்டுமாம். என் மனைவிக்குத் தாங்கவில்லை. "கிழவன் சொத்தைக்குக் காவல் போடுறாங்க, புள்ளை முத்தைப் புடுங்குறாங்க!" என்றாள். பேத்தியோ பிடுங்கிய கையோடு ஐஸ்கிரீம் கேட்டாள். டாக்டரே சாப்பிடச் சொல்லிவிட்டாராம். நாங்கள் அந்த வயதில் பல் டாக்டரைப் பார்த்து அழுததற்கு யாரும் ஐஸ்கிரீம் தரவில்லை.

இரண்டு காலத்தையும் பார்த்தவன் என்ற உரிமையில் என் தீர்ப்பு: இந்தக் காலமே தேவலை. பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும் காரணம் சொல்கிறார்கள். சொல்லாவிட்டால் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொண்டிருங்கள். எங்கள் காலத்தில் வழிநெடுகத் துப்பிக்கொண்டேதான் வீடு வந்து சேர்வோம். குழியில் உறைகிற ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் வருகிற வலிக்குப் பழைய பல்வலியே மேல். அன்று முழுக்கத் துப்பாதீர்கள்.